ஆடையும் வாய்மையும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஆடை மானம் காப்பது, அழகு சேர்ப்பது. இன்றைய கடைகளில் ஆடையோடு சேர்த்து அறமும் விற்கப்படுகிறது. 'இயற்கைக்கு உகந்தது', 'நியாயமான ஊதியத்தில் உருவானது' என்னும் சொற்கள் ஆடையின் விலையை உயர்த்துகின்றன. அச்சொற்கள் பொய்யானால் பொறுப்பேற்பவர் யார்? அவ்வினாவுக்குச் சட்டங்களும் நீதிமன்றங்களும் தொழிற்சங்கங்களும் கண்ட விடைகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஒரு தந்தையின் வினா

தென்காசிக்கு அருகில் மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தபடி அமைந்துள்ள சிற்றூர் சுந்தரபாண்டியபுரம். குற்றாலத்தில் சாரல் வீசும் பருவத்தில் அவ்வூரின் வயல்களில் சூரியகாந்தி பூத்துக் குலுங்கும். அதைக் காண வெளியூர்களிலிருந்தும் மக்கள் வருவர். அவ்வூர்க் குடும்பம் ஒன்று தீபாவளிக்குத் துணி எடுக்கத் தென்காசிக் கடைவீதிக்குச் செல்வதாகக் கொள்க.

கடையில் இரண்டு சட்டைகள். இரண்டும் பருத்தி, நிறமும் அளவும் ஒன்றே. ஒன்றில் மட்டும் இலைப் படம் அச்சிட்ட பச்சை அட்டை தொங்குகிறது. 'பூமிக்கு நல்லது, உழைப்பாளர் நலன் காத்து உருவாக்கப்பட்டது' என்று அதில் எழுதப்பட்டுள்ளது. விலை இருநூறு ரூபாய் கூடுதல். பதினோராம் வகுப்பில் படிக்கும் மகள், "இதையே எடுப்போம்ப்பா. இதனால யாருக்கும் கெடுதல் இல்லன்னு எழுதியிருக்கு" என்கிறாள். தந்தை அட்டையைத் திருப்பிப் பார்க்கிறார். "எழுதியிருக்கு, சரிம்மா. யாரு போயி பாத்தா?" என்று கேட்கிறார்.

கற்பனையாகச் சொல்லப்பட்ட இவ்வினா எளிமையானது. ஆனால், உலகின் பல நாடுகளில் ஆடை வணிகத்தை நெறிப்படுத்த எழுந்த சட்டங்கள் பலவும் இவ்வொரு வினாவைச் சுற்றியே அமைந்துள்ளன.

கண்ணுக்குத் தெரியாத பாதை

துணியின் நிறத்தைக் கண்ணால் காணலாம். நெசவின் நெருக்கத்தை விரலால் தொட்டு அறியலாம். நீளத்தை முழம் போட்டு அளக்கலாம். அத்துணி எவ்வாறு உருவானது என்பதை மட்டும் வாங்குபவரால் கடையில் நின்று அறிய இயலாது. கரிசல் நிலத்தில் விளையும் பருத்தி ஜின்னிங் ஆலையில் கொட்டை நீக்கப்பட்டுப் பஞ்சாகிறது, நூற்பாலையில் நூலாகிறது, தறியிலோ பின்னலாடை எந்திரத்திலோ துணியாகிறது, சாயப்பட்டறையில் நிறம் பெறுகிறது, தையற்கூடத்தில் ஆடையாகிறது. இவ்வழங்கல் தொடரின் ஒவ்வொரு கண்ணியும் வெவ்வேறு ஊரில், வெவ்வேறு உரிமையாளரிடம் இருக்கக்கூடும்.

அக்கண்ணிகளில் நிகழ்ந்தவற்றைத் தமிழ்நாடு நன்கு அறியும். திருப்பூரின் சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையையும் அதன் கீழுள்ள வேளாண் நிலங்களையும் பாழ்படுத்தியது. உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீரை முற்றிலும் வெளியேற்றாமல் சுத்திகரிக்கும் முறையைப் பின்பற்றாத நிலையில், 2011 ஜனவரியில் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

நூற்பாலைகளின் கதை வேறு. 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில், வறிய குடும்பங்களின் இளம்பெண்கள் தென்மாவட்டச் சிற்றூர்களிலிருந்தும் அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்கள் மூன்றாண்டுகள் ஆலை விடுதியில் தங்கி உழைக்க வேண்டும். இறுதியில் திருமணச் செலவுக்காக ஒரு மொத்தத் தொகை தரப்படும் என்பது ஏற்பாடு. நீண்ட வேலைநேரம், வெளியே செல்லத் தடை, இடையில் விலகினால் தொகையை இழத்தல் ஆகிய கொடுமைகளை நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ என்னும் ஆய்வு நிறுவனமும் நெதர்லாந்து இந்தியக் குழுவும் 2011-இல் வெளியிட்ட அறிக்கை வெளிக்கொணர்ந்தது. அந்நூலும் துணியும் மேலைநாட்டுப் பெருங்கடைகளின் ஆடைகளாக மாறியதையும் அவ்வறிக்கை சுட்டியது. தொழிலாளர் நலனைக் காப்பதாகக் கூறும் நன்னடத்தை விதிகளை வெளியிட்டிருந்த கடைகளும் அவற்றுள் இருந்தன.

பொய்யால் இழப்போர் மூவர்

அட்டையில் உள்ள சொல் பொய்யானால் முதலில் இழப்பவர் வாங்குபவர். அவர் கொடுத்த இருநூறு ரூபாய் அச்சொல்லுக்கான விலை. நல்லது செய்கிறோம் என்னும் அவருடைய எண்ணமும் அத்துடன் ஏமாற்றப்படுகிறது.

இரண்டாவதாக இழப்பவர் உழைப்பவர். விடுதியில் அடைபட்டிருக்கும் பெண்ணின் துன்பத்தைப் போக்க வேண்டிய வாங்குபவரின் அக்கறை, அதே துன்பத்தை மறைக்கும் திரையாகப் பயன்படுத்தப்படுகிறது. 'எல்லாம் நலம்' என்று அட்டை சொல்வதால் அவரைப் பற்றிக் கேட்பார் இல்லாமல் போகிறது.

மூன்றாவதாக இழப்பவர் நேர்மையான உற்பத்தியாளர். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பட்டறைக்கும், சட்டப்படியான ஊதியம் தரும் ஆலைக்கும், கையால் நெய்யும் நெசவாளருக்கும் செலவு கூடுதல். அச்செலவைச் செய்யாதவர் அதே சொல்லை அட்டையில் அச்சிட்டுக் குறைந்த விலையில் விற்றால் நேர்மையாளர் சந்தையிலிருந்து தள்ளப்படுவார். சங்கரன்கோவில் வட்டாரத்தில் விசைத்தறிகள் பல இயங்குகின்றன. விசைத்தறித் துணியை விசைத்தறித் துணி என்றே விற்பதில் குற்றம் ஏதுமில்லை. அதைக் கைத்தறி என்று சொல்லி விற்றால்தான் கைத்தறி நெசவாளரின் கூலி பறிபோகிறது.

கதர் என்னும் சொல்

தமிழர் வணிகத்தில் சொல்லின் நேர்மை புதிய கருத்தன்று. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலை நெஞ்சத்தைப் பட்டினப்பாலை போற்றுகிறது. துணி வணிகத்தைத் தொழிலாகக் கொண்ட மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் சங்கப் புலவராகவும் திகழ்ந்தார். அறுவை என்பது துணியைக் குறிக்கும் பழஞ்சொல்.

இருபதாம் நூற்றாண்டில் ஒரு துணியின் பெயரே அறத்தின் பெயராயிற்று. அது கதர். 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தியடிகள் அரையாடைக்கு மாறினார். அக்காலத்தில் திருப்பூர் கதர் உற்பத்தியின் முதன்மையான மையங்களுள் ஒன்றாக விளங்கியது. தந்தை பெரியார் கதர்த் துணியைத் தோளில் சுமந்து விற்றார். கதரை வாங்கியவர் துணியோடு சேர்த்து, கையால் நூற்ற ஓர் ஏழைக்குக் கூலி சேரும் என்னும் உறுதியையும் வாங்கினார்.

அவ்வுறுதியைச் சட்டம் பின்னர் வரையறுத்தது. இந்தியாவில் கையால் நூற்ற பருத்தி, பட்டு அல்லது கம்பளி நூலைக் கொண்டு இந்தியாவில் கைத்தறியில் நெய்யப்பட்ட துணியே கதர் என்று கதர் மற்றும் கிராமத் தொழில்கள் ஆணையச் சட்டம் 1956 கூறுகிறது. 2013-இல் வகுக்கப்பட்ட கதர் முத்திரை விதிகள் அம்முத்திரையின் பயன்பாட்டை நெறிப்படுத்தின. தன் அனுமதியின்றிக் கதர் என்னும் பெயரைப் பயன்படுத்தியதாகக் குற்றஞ்சாட்டி, 2018-இல் அவ்வாணையம் ஃபேப்இந்தியா என்னும் பெரிய ஆடை நிறுவனத்திடம் 525 கோடி ரூபாய் இழப்பீடு கோரியது. அந்நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. கேட்கப்பட்ட தொகையின் அளவே, ஒரு சொல்லின் மதிப்பு எத்தகையது என்பதை உணர்த்தப் போதுமானது.

கதர் என்னும் சொல்லுக்குச் சட்டத்தில் பொருள் உண்டு. ஆகவே ஒரு துணி கதரா, இல்லையா என்று ஆராய்ந்து சொல்ல இயலும். 'பசுமை', 'பொறுப்புமிக்கது', 'நியாயமானது' முதலிய சொற்களுக்கு அவ்வாறு வரையறுத்த பொருள் இல்லாத காலம் நெடுநாள் நீடித்தது. பொருள் தெளிவற்ற சொல்லைப் பொய்யென்று மெய்ப்பிப்பது அரிது. விளம்பரம் எழுதுவோர் அச்சொற்களை விரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

நைக்கி வழக்கு

நிறுவனம் தன் தொழிலாளர் நிலையைப் பற்றிச் சொல்வது விளம்பரமா, பொதுக்கருத்தா? இவ்வினாவை முன்னிறுத்திய புகழ்பெற்ற வழக்கு அமெரிக்காவில் எழுந்தது. விளையாட்டுக் காலணிகளும் ஆடைகளும் விற்கும் நைக்கி நிறுவனத்தின் பொருள்கள் வியட்நாம், சீனா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் ஆலைகளில் உருவாயின. அங்குத் தொழிலாளர் நிலை மோசமாக இருப்பதாக 1990-களில் செய்திகள் வெளியாயின. உள்ளூர்ச் சட்டப்படியே ஊதியம் தரப்படுகிறது, தொழிலாளர் துன்புறுத்தலிலிருந்து காக்கப்படுகின்றனர் என்று நைக்கி செய்தி அறிக்கைகள் வாயிலாகவும் பல்கலைக்கழகத் தலைவர்களுக்கு எழுதிய மடல்கள் வாயிலாகவும் மறுமொழி கூறியது.

அக்கூற்றுகள் பொய் என்று கலிபோர்னியாவைச் சேர்ந்த மார்க் காஸ்கி 1998-இல் வழக்குத் தொடுத்தார். தமக்கு இழப்பு நேர்ந்ததாக அவர் கூறவில்லை. பொதுமக்கள் சார்பில் எவரும் வழக்குத் தொடுக்கலாம் என அம்மாநிலச் சட்டம் அப்போது அனுமதித்திருந்தது. இவை பொது விவாதத்தில் கூறப்பட்ட கருத்துகள், பேச்சுரிமை இவற்றைக் காக்கிறது என்று நைக்கி வாதிட்டது. கீழமை நீதிமன்றங்கள் அவ்வாதத்தை ஏற்றன. 2002-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்னும் பெரும்பான்மையில் அதை மறுத்தது. விற்பவர், வாங்குவோரை நோக்கி, தம் பொருளைப் பற்றிக் கூறும் செய்தி வணிகப் பேச்சாகும்; அது பொய்யானால் சட்டம் கேள்வி கேட்கலாம் என்று தீர்ப்பளித்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைக் கேட்ட பின்னர், 2003 ஜூனில் முடிவு கூறாமலேயே அதைத் தள்ளியது. அவ்வாண்டு செப்டம்பரில் இருதரப்பும் உடன்பட்டன. நியாயத் தொழிலாளர் சங்கம் என்னும் அமைப்புக்கு 15 இலட்சம் டாலர் வழங்க நைக்கி ஒப்புக்கொண்டது.

வழக்கு முடிந்தது, ஆயின் நைக்கியின் கூற்றுகள் உண்மையா, பொய்யா என்னும் விசாரணை நடைபெறவே இல்லை. ஐந்தாண்டுகளும் கேள்வி கேட்கலாமா என்பதிலேயே கழிந்தன. தனிமனிதர் ஒருவர் நீதிமன்றத்தில் பொய்யை மெய்ப்பிக்கப் போராடுவதைவிட, சொல்பவரே சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்னும் கருத்து இத்தகைய பட்டறிவுகளால் வலுப்பெற்றது.

மெய்ப்பிக்கும் பொறுப்பு இடம் மாறுதல்

ஐரோப்பாவில் அரசின் சந்தை ஒழுங்காற்று அமைப்புகள் இக்கருத்தைச் செயற்படுத்தத் தொடங்கின. நெதர்லாந்தின் ஒழுங்காற்று ஆணையம், டெக்கத்லான், எச் அண்ட் எம் ஆகிய நிறுவனங்கள் தக்க விளக்கமின்றிப் பயன்படுத்திய பசுமைப் பெயர்களை ஆராய்ந்தது. 2022-இல் அவ்விரு நிறுவனங்களும் அத்தகைய அடையாளங்களைத் திருத்தவோ கைவிடவோ உறுதியளித்தன. ஆடைத்துறையின் நிலைத்தன்மைக்கான பணிகளுக்கு டெக்கத்லான் 4 இலட்சம் யூரோவும் எச் அண்ட் எம் 5 இலட்சம் யூரோவும் வழங்க ஒப்புக்கொண்டன.

பிரிட்டனில் போட்டி மற்றும் சந்தை ஆணையம், ஏசாஸ், பூஹூ, ஆஸ்டா நிறுவனத்தின் ஜார்ஜ் ஆகிய மூன்று ஆடை விற்பனைப் பெயர்கள் மீது 2022-இல் விசாரணை தொடங்கியது. 2024 மார்ச்சில் அவை எழுத்து வழி உறுதிமொழி அளித்தன. 'பொறுப்புமிக்கது' போன்ற பொதுச்சொற்களை விளக்கமின்றிப் பயன்படுத்துவதில்லை. துணியில் இயற்கைவழி இழையோ மறுசுழற்சி இழையோ எவ்வளவு விழுக்காடு என்பதைத் தெளிவாகக் கூறுவது. இலைப் படங்களைக் கொண்டு மெய்யினும் மிகுந்த பசுமையைக் காட்டுவதில்லை என்பன அவ்வுறுதிமொழியின் கூறுகள். 2025 ஏப்ரல் முதல் அவ்வாணையம் நீதிமன்றம் செல்லாமலேயே, நுகர்வோர் சட்டத்தை மீறும் நிறுவனத்தின் உலகளாவிய விற்றுமுதலில் பத்து விழுக்காடு வரை தண்டம் விதிக்கும் அதிகாரம் பெற்றது.

கடுமையான சட்டத்துக்கு அஞ்சி, நல்லதைச் செய்யும் நிறுவனமும் அதைப் பற்றிப் பேசாமல் வாய்மூடிவிடும் என்று கூறுவோர் உளர். அவ்வச்சத்தை முற்றிலும் புறந்தள்ள இயலாது. எனினும், இச்சட்டங்கள் பேச்சைத் தடுப்பதில்லை. 'இச்சட்டையில் 40 விழுக்காடு மறுசுழற்சிப் பருத்தி உள்ளது' என்று மெய்யாகச் சொல்பவருக்கு இவற்றால் இடர் ஏதுமில்லை. 'பூமிக்கு நல்லது' என்று மட்டும் சொல்லி நிறுத்துபவரிடமே சட்டம் விளக்கம் கேட்கிறது.

தெரிந்து தெளிவோம்

பசுமைப் பூச்சு: மெய்யான நன்மை இல்லாதபோதும், அல்லது சிறிதளவே இருக்கும்போதும், ஒரு பொருள் சுற்றுச்சூழலுக்கு மிகவும் உகந்தது என்று தோன்றுமாறு கூறுவதும், தீமைகளை மறைத்து நன்மைகளை மட்டும் காட்டுவதும் பசுமைப் பூச்சு எனப்படும். சுவரின் விரிசலை வெள்ளைப் பூச்சு மறைப்பதுபோல, உற்பத்தியின் குறையை இது மறைக்கிறது.

இந்தியச் சட்டத்தின் நிலை

இந்தியாவில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பொருளைப் பற்றிப் பொய்யாக விவரிப்பது, பொய்யான உறுதி அளிப்பது, இன்றியமையாத தகவலை வேண்டுமென்றே மறைப்பது முதலியன தவறாக வழிநடத்தும் விளம்பரம் என அது வரையறுக்கிறது. அச்சட்டத்தின்கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உருவானது. தவறான விளம்பரத்தை நிறுத்தவோ திருத்தவோ அது ஆணையிடலாம். முதல் முறை 10 இலட்சம் ரூபாய் வரையிலும், தொடர்ந்து மீறினால் 50 இலட்சம் ரூபாய் வரையிலும் தண்டம் விதிக்கலாம்.

2024 அக்டோபரில் அவ்வாணையம் பசுமைப் பூச்சைத் தடுப்பதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 'பசுமை', 'இயற்கைக்கு உகந்தது', 'பூமிக்கு நல்லது', 'நிலைத்தன்மை வாய்ந்தது' முதலிய பொதுச்சொற்களைத் தக்க விளக்கமும் சான்றும் இன்றிப் பயன்படுத்தக் கூடாது என்று அவை கூறுகின்றன. கூற்று முழுப் பொருளைக் குறிக்கிறதா, அதன் ஒரு பகுதியைக் குறிக்கிறதா, உற்பத்தி முறையையா, உறையையா என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும். தொழில்நுட்பச் சொற்களை மக்களுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். சான்று விரைவுத் துலங்கல் குறியீட்டின் வழியாகவோ இணைய முகவரியின் வழியாகவோ எவரும் காணுமாறு கிடைக்க வேண்டும். எதிர்காலத்தைப் பற்றிய வாக்குறுதி அளித்தால், அதை நிறைவேற்றும் தெளிவான செயல்திட்டம் இருக்க வேண்டும்.

தந்தையின் வினாவுக்கு இந்நெறிமுறைகள் ஒரு பாதி விடையைத் தருகின்றன. 'பூமிக்கு நல்லது' என்னும் அட்டையின் முற்பகுதிக்குச் சான்று காட்டும் பொறுப்பு விற்பவருடையது. 'உழைப்பாளர் நலன் காத்து' என்னும் பிற்பகுதி எஞ்சி நிற்கிறது. 2024 நெறிமுறைகள் சுற்றுச்சூழல் கூற்றுகளுக்கே உரியவை. உழைப்பாளர் குறித்த கூற்று பொய்யானால் 2019 சட்டத்தின் பொதுவான வரையறையையே நாட வேண்டும்.

தெரியுமா?

தவறான விளம்பரத்தால் ஏமாற்றப்பட்டவர் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். தாம் வசிக்கும் பகுதிக்குரிய மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் முறையிடலாம். பொருள் எந்த ஊரில் வாங்கப்பட்டதாயினும் இவ்வுரிமை உண்டு. 5 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை. ரசீதையும் அட்டையையும் பாதுகாத்து வைத்திருப்பது முறையீட்டுக்கு வலுச்சேர்க்கும். முறையீட்டுக்குக் காரணமான நிகழ்வு நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு அளிக்க வேண்டும்.

சான்றிதழையும் கேள்வி கேட்க வேண்டும்

சான்று வேண்டும் என்று சட்டம் கேட்டால் சான்றிதழ்கள் பெருகும். சான்றிதழும் பொய்யாகக்கூடும் என்பதற்கு இந்தியாவே எடுத்துக்காட்டு. இயற்கைவழி நெசவுப் பொருள்களுக்குச் சான்றளிக்கும் கோட்ஸ் என்னும் உலகளாவிய அமைப்பு, 2020 அக்டோபரில் இந்தியாவில் ஒரு பெரும் மோசடியைக் கண்டறிந்தது. 20,000 டன் பருத்தி, போலிச் சான்றுகளின் துணையால் இயற்கைவழிப் பருத்தி என்று காட்டப்பட்டிருந்தது. மெய்யாகவே வேதியுரமும் பூச்சிக்கொல்லியும் தவிர்த்து விளைவித்த உழவரின் பருத்திக்குரிய விலையை அப்போலிப் பருத்தி பறித்துக்கொண்டது.

இதிலிருந்து பெறப்படும் பாடம் தெளிவானது. தாளில் உள்ள முத்திரை போதாது. வயலுக்கும் ஆலைக்கும் நேரில் சென்று பார்த்தவர் யார், அவருக்கு ஊதியம் தருபவர் யார், அவர் கண்டதை அச்சமின்றிச் சொல்ல முடியுமா என்பனவும் அறியப்பட வேண்டும். ஆலைக்குள் நாள்தோறும் நிகழ்வதை அங்கு உழைப்பவரைவிட நன்கு அறிந்தவர் எவருமில்லை.

திண்டுக்கல் ஒப்பந்தம்

அட்டையின் பிற்பகுதிக்கு விடை தேடிய முயற்சி ஒன்று தமிழ் மண்ணிலேயே தோன்றியது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில், உலகப் பெருங்கடைகளுக்கு ஆடை தைக்கும் ஆலை ஒன்றின் இளம்பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். அவ்வாலையின் மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். பெண் தொழிலாளர்கள் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாகிவந்த நிலை அதன்பின் வெளிவந்தது. தணிக்கையாளர்கள் வந்துசெல்லும் தொழில்துறையில், நன்னடத்தை விதிகள் எழுதப்பட்டிருந்தும், அப்பெண்களின் குரல் வெளியே கேட்கவில்லை.

பெண்கள் தலைமையேற்ற தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் நீதி கேட்டுப் போராடியது. ஆசியத் தரை ஊதியக் கூட்டணியும் அமெரிக்காவைச் சேர்ந்த உலகத் தொழிலாளர் நீதி அமைப்பும் துணைநின்றன. 2022 ஏப்ரலில் ஆலை உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. எச் அண்ட் எம் அதனுடன் இணைந்த, சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்பாட்டில் கையெழுத்திட்டது. பின்னர் கேப், பிவிஎச் ஆகிய நிறுவனங்களும் இணைந்தன. 5,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இதன் பாதுகாப்பைப் பெற்றனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள்.

பாலினம், சாதி, புலம்பெயர்வு ஆகியவற்றின் பெயரால் நிகழும் வன்முறையையும் பாகுபாட்டையும் தடுப்பது இவ்வொப்பந்தத்தின் நோக்கம். தொழிற்சங்கம் பயிற்சியளித்த பெண் தொழிலாளர்களே தளத்தில் கண்காணிப்பாளர்களாக இருந்து குறைகளைக் கேட்டறிந்தனர். முறையிடுவோரைப் பழிவாங்குவது தடைசெய்யப்பட்டது. ஆலை விதியை மீறினால் அதனுடனான வணிகத்தில் விளைவுகளை ஏற்படுத்தப் பெருங்கடைகள் கடமைப்பட்டன. தம் தளத்தில் வெளியிடும் நன்னடத்தை விதியை ஒரு கடை தானே மாற்றலாம், விலக்கவும் செய்யலாம். ஒப்பந்தத்தை அவ்வாறு செய்ய இயலாது. அதில் மறுபுறம் கையெழுத்திட்டவர்கள் தொழிலாளர்கள்.

'யாரு போயி பாத்தா?' என்னும் வினாவுக்கு இங்குத் தெளிவான விடை உண்டு. அங்கேயே உழைத்த பெண்கள் பார்த்தனர். கண்டதைச் சொல்லும் உரிமையையும் பெற்றனர்.

வினவும் உரிமை

வழக்கு, ஒழுங்காற்று ஆணையம், ஒப்பந்தம் ஆகிய மூன்று வழிகளும் ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன. விற்பனைக்குப் பயன்படும் சொல், விற்கப்படும் பொருளின் ஒரு பகுதியே. சட்டையின் தையல் பிரிந்தால் கடைக்காரர் பொறுப்பேற்பதுபோல, சட்டையில் தொங்கும் சொல் பிரிந்தாலும் அவர் பொறுப்பேற்க வேண்டும்.

தென்காசிக் கடைவீதியில் நிற்கும் அத்தந்தையும் மகளும் எந்தச் சட்டையை எடுப்பர் என்பது அவர்தம் விருப்பம். பச்சை அட்டையில் சான்றுக்கான குறியீடு உள்ளதா, துணியில் எவ்வளவு விழுக்காடு என்ன இழை என்று எழுதப்பட்டுள்ளதா என்று மகள் பார்க்கலாம். இல்லையெனில் கடைக்காரரிடம் கேட்கலாம். கடைக்காரருக்கு விடை தெரியாவிடில், அவர் தமக்கு அனுப்பிய நிறுவனத்திடம் கேட்க வேண்டியிருக்கும். அவ்வாறு வினா ஒவ்வொரு கண்ணியாகப் பின்னோக்கிச் சென்று, சாயப்பட்டறையையும் நூற்பாலை விடுதியையும் கரிசல் நிலத்தையும் அடையும். சுந்தரபாண்டியபுரத்திலிருந்து புறப்பட்ட அவ்வினா, அதே போன்ற வேறொரு சிற்றூரிலிருந்து வேலைக்குச் சென்ற ஒரு பெண்ணிடம் போய்ச் சேரும். உண்மையான விடையைச் சொல்லக்கூடியவர் அவரே.

சொல்லும் பொருளும்

அறுவை - துணி. விழுக்காடு - நூற்றில் ஒரு பங்கு எனக் கணக்கிடும் அளவு. தண்டம் - அபராதம். வழங்கல் தொடர் - மூலப்பொருள் முதல் விற்பனை வரையிலான தொடர். விற்றுமுதல் - விற்பனையால் வரும் மொத்த வருவாய். பட்டறிவு - அனுபவம்.

கற்பவை கற்றபின்

1. வீட்டிலுள்ள ஐந்து ஆடைகளின் அட்டைகளையும் உள்தைத்த குறிப்புகளையும் படித்து, அவற்றிலுள்ள கூற்றுகளைச் 'சான்று உள்ளவை', 'சான்று இல்லாதவை' எனப் பிரித்துப் பட்டியலிடுக.

2. 'பூமிக்கு நல்லது' என்னும் பொதுக்கூற்றை, 2024 நெறிமுறைகளுக்கு ஏற்பத் தெளிவான கூற்றாக மாற்றி எழுதுக.

3. உங்கள் ஊரிலுள்ள நெசவாளர், தையற்கலைஞர் அல்லது ஆலைத் தொழிலாளர் ஒருவரிடம் உரையாடி, ஒரு துணி உருவாகும் படிநிலைகளை வகுப்பில் எடுத்துரைக்க.

மதிப்பீடு

குறுவினா

1. கதர் என்பதைச் சட்டம் எவ்வாறு வரையறுக்கிறது?

2. பசுமைப் பூச்சு என்றால் என்ன?

சிறுவினா

1. பொய்யான அறக்கூற்றால் இழப்போர் மூவர் யாவர்? விளக்குக.

2. நைக்கி வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின் சாரத்தை எழுதுக.

நெடுவினா

1. ஆடையின் அட்டையிலுள்ள சொல்லுக்கு விற்பவரே பொறுப்பு என்னும் கருத்தை இந்தியச் சட்டம், திண்டுக்கல் ஒப்பந்தம் ஆகியவற்றின் வழி நிறுவுக.

2. 'கடுமையான சட்டம் நேர்மையாளரையும் வாய்மூடச் செய்யும்' - இக்கருத்தை ஏற்றோ மறுத்தோ தக்க சான்றுகளுடன் கட்டுரை வரைக.